வீட்டுக்கு ஒரு டிஎச்சிபி போதும்

மதுரையில் ஒரு வீட்டில் "நெட் வரல" என்று குரல் எழுந்தால், பழி முதலில் கேபிள்காரர் தலையில்தான் விழும். ஃபைபர் அறுந்திருக்கலாம், மாதச் சந்தா கட்டும் தேதி தாண்டியிருக்கலாம், தெருவில் எங்கோ மின்சாரம் போயிருக்கலாம், இவையெல்லாம் நடப்பவைதான். ஆனால் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் சிவப்பு விளக்கு எரியவில்லை, அப்பாவின் கைபேசியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அதே வைஃபையில் இருக்கும் மகளின் லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால், கோளாறு தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் டிஎச்சிபி என்னும் முகவரி ஒதுக்கீட்டு ஏற்பாடு. ரவுட்டர் வாங்கும்போது இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேகத்தையும் ஆண்டெனா எண்ணிக்கையையும்தான் கேட்கிறோம், விற்பவரும் அவற்றைத்தான் சொல்கிறார்.

வைஃபை கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்துவிட்டதால் மட்டும் ஒரு கருவி இணையத்துக்குள் நுழைந்துவிடாது. அதற்கென்று ஓர் ஐபி முகவரி வேண்டும். எந்தெந்த முகவரிகள் தன் வீட்டுக்குள் இருப்பவை என்று பிரித்தறிய சப்நெட் மாஸ்க் வேண்டும். வெளியே போக வேண்டிய தரவை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு கேட்வே முகவரி வேண்டும். தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியும் வேண்டும். இந்த நான்கையும் ஒவ்வொரு கருவியிலும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இருக்கும் கைபேசிகள், டிவி, கேமரா, பிரிண்டர் அத்தனைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கணக்கு எழுத வேண்டியிருக்கும்.

பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தன. வட்டு இல்லாத கணினிகள் தொடங்கும்போதே தம் முகவரியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1985இல் பூட்பி என்ற நெறிமுறை வந்தது. ஆனால் அதில் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பட்டியலை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இன்று வந்து நாளை போகும் கருவிகளுக்கு அது ஒத்துவராது. ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முறையாக 1993இல் டிஎச்சிபி வெளியானது. ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய, ஆர்எஃப்சி எனப்படும் இணைய விதி ஆவண வரிசையில் 2131 என்ற எண் கொண்ட 1997 மார்ச் மாத ஆவணம்தான் இன்றும் அதன் அடிப்படை. செய்திகள் நுழையும் வாசல் எண்களாக பூட்பி பயன்படுத்திய 67, 68 என்ற யூடிபி போர்ட் எண்களையே இதுவும் வைத்துக்கொண்டது. நம் வீட்டு அலமாரியின் மேல் இருக்கும் சின்னப் பெட்டியும் அந்த ஆவணத்தின்படியே நடக்கிறது.

முகவரி கைமாறும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பின்னால் வரும் கோளாறுகள் எளிதில் புரியும். புதிதாகச் சேரும் கைபேசிக்குத் தன் முகவரியும் தெரியாது, ரவுட்டரின் முகவரியும் தெரியாது. ஆகவே தன்னை 0.0.0.0 என்று வைத்துக்கொண்டு, 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, அதாவது அந்த வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்கே முகவரி தருபவர் யாராவது உண்டா" என்று ஒரு செய்தியை அனுப்புகிறது. தன் அடையாளமாக, வலை அட்டைக்கு உரிய 48 பிட் மேக் முகவரியை அதில் சேர்க்கிறது. அதைக் கேட்ட ரவுட்டர் தன் தொகுப்பில் காலியாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்து, "192.168.1.104ஐ எடுத்துக்கொள்" என்று முன்வைக்கிறது. கைபேசி உடனே அதை எடுத்துக்கொண்டுவிடுவதில்லை. "இன்னாரிடமிருந்து இந்த முகவரியைக் கேட்கிறேன்" என்று மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படியே அறிவிக்கிறது. ரவுட்டர் அதை உறுதி செய்து, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், கால அளவு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பிய பிறகே முகவரி கைபேசிக்கு உரியதாகிறது. நான்கு செய்திகளும் பொதுவாக ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது செய்தியையும் ஊருக்கே கேட்கும்படி அனுப்புவதற்குக் காரணம் உண்டு. ஒரே வலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் முகவரி தர முன்வரக்கூடும். தன்னுடையது ஏற்கப்படவில்லை என்பதை மற்றவை தெரிந்துகொண்டு, ஒதுக்கி வைத்த முகவரியை விடுவிக்க வேண்டும். ஆக, நெறிமுறையை எழுதியவர்கள் இரண்டு சர்வர்கள் இருப்பதை எதிர்பார்த்தே இருந்தார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே நிர்வாகியின் கையில், ஒன்றோடொன்று மோதாத தொகுப்புகளுடன் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். முகவரி தருபவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அடிப்படை நெறிமுறையில் இல்லை; 2001இல் அதற்கென்று ஒரு சேர்க்கை வந்தும் புழக்கத்துக்கு வரவில்லை. நடைமுறையில், முதலில் வரும் பதிலையே பெரும்பாலான கருவிகள் ஏற்கின்றன. நம் வீடுகளில் நேரும் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எப்படி என்றால், மதுரைப் பக்கம் வீடுகள் பெரும்பாலும் கீழ்த்தளமும் மாடியுமாகவே இருக்கின்றன. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம் அல்லது திருமணமான மகன். இணைய நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டி கீழே கூடத்தில் இருக்கிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி அதன் வைஃபை மேலே போவதில்லை. டவுன் ஹால் ரோட்டில் இன்னொரு ரவுட்டரை வாங்கி வந்து, ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிளை இழுத்து, மாடியில் வைக்கிறார்கள். அந்த ரவுட்டரின் பின்புறம் வெளி இணைப்புக்கென்று தனியாக ஒரு வேன் துளையும், வீட்டுக் கருவிகளுக்கென்று வரிசையாக சில லேன் துளைகளும் இருக்கும். பல ரவுட்டர்களில் நிறத்தை வைத்தே பிரித்தறியலாம். கீழிருந்து வரும் கேபிளை லேன் துளையில் செருகிவிட்டால், ஓஎன்டியும் புது ரவுட்டரும் ஒரே வலையின் உறுப்புகளாகிவிடும். இரண்டுக்குள்ளும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருக்கும்.

இனி அந்த வீட்டில் ஒரு கைபேசி முகவரி கேட்கும்போது இரண்டு பதில்கள் புறப்படும். ஓஎன்டியின் பதில் முந்தினால் கேட்வே என்று ஓஎன்டியின் முகவரி வரும், இணையம் கிடைக்கும். மாடி ரவுட்டரின் பதில் முந்தினால் கேட்வே என்று அந்த ரவுட்டரின் முகவரி வரும். அதன் வேன் துளையிலோ எதுவுமே செருகப்படவில்லை. கைபேசி தன் தரவையெல்லாம் வெளிவாசல் இல்லாத ஒரு பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும். வைஃபை குறி முழுதாக இருக்கும், இணையம் மட்டும் இருக்காது. ஒருமுறை அணைத்துப் போட்டால் அதிர்ஷ்டம் மாறி வேலை செய்யும், மறுநாள் மறுபடியும் நின்றுபோகும். "ரவுட்டர்ல ஏதோ மக்கர்" என்று சொல்லப்படுபவற்றில் இந்த வகைக்குத் தனி இடம் உண்டு. புதுப் பெட்டி வாங்கினாலும் இது தீராது.

இதற்கு வழிகள் இரண்டு. மாடி ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, அதன் சொந்த முகவரியையும் ஓஎன்டியின் வலைக்குள் மோதாத ஒன்றாக மாற்றிவிட்டால் அது வெறும் வைஃபை நீட்டிப்பாக நிற்கும். பல ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்ற ஒரே தேர்வு இதையெல்லாம் தானே செய்துவிடுகிறது. கீழ்வீடும் மேல்வீடும் ஒரே குடும்பம் என்றால் இதுவே சரி. கீழே இருக்கும் பிரிண்டருக்கு மேலிருந்தும் அச்சு அனுப்பலாம். மேலே இருப்பவர் வாடகைதாரர் என்றால், கேபிளை வேன் துளையில் செருகி, மாடி ரவுட்டர் தன் பக்கத்துக்குத் தனியாக முகவரி கொடுக்கும்படி விடுவது நல்லது. அப்போது மேலே இருப்பவர்களின் கருவிகள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் மேலே இருப்பவர்களால் கீழ்ப்பக்கக் கருவிகளை எட்ட முடியும் என்பதால், இதை முழுப் பாதுகாப்பாக எண்ணிவிடக் கூடாது. இந்த இரண்டாம் முறையில் இரு பெட்டிகளும் ஒரே எண்வரிசையில் இருந்துவிடக் கூடாது என்பதும் முக்கியம்: கீழே 192.168.1 என்றால் மேலே 192.168.2 என்று மாற்ற வேண்டும்.

இந்த 192.168 என்ற தொடக்கம் எல்லார் வீட்டிலும் ஒன்றுபோல இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் கொண்டது. ஆக மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. வீட்டுக்கு உள்ளே மட்டும் பயன்படுத்திக்கொள்ள 10இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குவது என மூன்று வரிசைகளை 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கித் தந்தது. வடக்கு மாசி வீதியிலும் 12ஆம் எண் வீடு உண்டு, தெற்கு மாசி வீதியிலும் உண்டு. வீதிக்குள் எண் திரும்ப வராதவரை தபால்காரருக்குக் குழப்பமில்லை. அப்படித்தான் உங்கள் வீட்டு 192.168.1.12க்கும் அடுத்த வீட்டு 192.168.1.12க்கும் சம்பந்தமே கிடையாது. வெளியே போகும்போது ரவுட்டர் தன் வெளிமுகவரியை ஒட்டி அனுப்பிவிடுகிறது.

கொடுக்கப்படும் முகவரி நிரந்தரமானது அல்ல. அதற்கு லீஸ் என்ற கால அளவு உண்டு. 24 மணி நேரம் என்று வைத்திருந்தால், வழக்கமாக 12 மணி நேரம் கழிந்ததும் கருவி தனக்கு முகவரி தந்த ரவுட்டரிடமே நேராகப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் முயன்றுகொண்டே இருந்து, காலத்தில் எட்டில் ஏழு பங்கு கழிந்த பிறகு, அதாவது 21ஆவது மணி நேரத்தில், யாராவது புதுப்பித்துத் தருவார்களா என்று பொதுவில் கேட்கும். அதிலும் பலிக்காமல் காலம் முடிந்துவிட்டால் முகவரியைக் கைவிட வேண்டும். அந்த நிலையில் விண்டோஸ் கணினிகள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாமே போட்டுக்கொள்கின்றன. ஆகவே லேப்டாப்பில் 169.254 தென்பட்டால், கேட்ட கேள்விக்கு எந்த டிஎச்சிபியும் பதில் சொல்லவில்லை என்று பொருள். அது 192.168இல் தொடங்கி, ஆனால் வீட்டின் மற்றக் கருவிகளோடு ஒத்துப்போகாத வரிசையில் இருந்தால், வேறு யாரோ முகவரி கொடுத்திருக்கிறார்கள். பழுது பார்க்க வருபவரைக் கூப்பிடும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முகவரி மாறுவதால் கைபேசிக்கோ டிவிக்கோ ஒரு நஷ்டமும் இல்லை. அவற்றை யாரும் எண் சொல்லித் தேடுவதில்லை. தேடப்படும் கருவிகளுக்குத்தான் தொல்லை. மாவட்ட நீதிமன்றத்தின் அருகே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். கணினியில் பிரிண்டரை நிறுவியபோது அது 192.168.1.103இல் இருந்தது, கணினியும் அந்த எண்ணையே எழுதி வைத்துக்கொண்டது. பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லாத ஒருநாள், இன்வெர்ட்டரும் இறங்கிப்போய், எல்லாப் பெட்டிகளும் அணைந்துவிடுகின்றன. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் வந்ததும் ரவுட்டர் வெற்றுப் பட்டியலோடு எழுகிறது. பிரிண்டர் சூடாகி வருவதற்குள் கடைப்பையனின் கைபேசி 103ஐ வாங்கிவிடுகிறது. பிரிண்டருக்கு 106 கிடைக்கிறது. கணினியோ 103இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. வக்கீல் குமாஸ்தா கையில் கட்டோடு நிற்க, "அண்ணே, பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது" என்ற குரல் கேட்கும். டோனரையும் கேபிளையும் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பயன் இருக்காது.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், பிரிண்டரின் அமைப்புக்குள் போய் ஒரு முகவரியைக் கையால் எழுதிவிடுவது. சிசிடிவி மாட்ட வருபவர்களும் கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரில் இதையே செய்துவிட்டுப் போகிறார்கள். இது பாதி வைத்தியம்தான். ஏனெனில் கருவிக்குள் எழுதிய எண் ரவுட்டருக்குத் தெரியாது. அந்த எண் ரவுட்டரின் தொகுப்புக்குள் விழுந்திருந்தால், ரவுட்டர் அதை இன்னொரு கருவிக்கும் கொடுத்துவிடக்கூடும். கொடுக்கும் முன் அந்த முகவரி புழக்கத்தில் இருக்கிறதா என்று சர்வர் சோதிக்க வேண்டும் என்று நெறிமுறை பரிந்துரைக்கிறது. ஆனால் சோதிக்கும் நேரத்தில் டிவிஆர் அணைந்திருந்தால் அந்தச் சோதனையால் பயனில்லை. இங்கே பரவலாகப் புழங்கும் ஒரு டிவிஆர் வகைக்குத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் முகவரி 192.168.1.108, பல ரவுட்டர்கள் தொடக்கத்தில் வைத்திருக்கும் தொகுப்போ 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை. மாட்டிய நாளிலிருந்தே மோதலுக்கு வழி திறந்திருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கும் தெரியாது, மாட்டியவரும் கவனிப்பதில்லை.

சரியான வழி, முகவரியைக் கருவியில் எழுதாமல் ரவுட்டரில் பதிந்து வைப்பது. அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்குத் தர வேண்டிய ஐபி முகவரியையும் ஒருமுறை சேர்த்துவிட்டால், பிரிண்டர் வழக்கம்போல் டிஎச்சிபியிடமே கேட்கும், ரவுட்டர் எப்போதும் அதே எண்ணைத் தரும். இந்தப் பதிவு மின்சாரம் போனாலும் அழியாது. கணக்கு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இதன் பெரிய வசதி. பிரிண்டர், டிவிஆர், வீட்டில் கோப்புச் சேமிப்புப் பெட்டி இருந்தால் அது ஆகிய இவற்றுக்கு மட்டும் இது போதும். கைபேசிகளுக்கெல்லாம் ரிசர்வேஷன் போடுவது வீண் வேலை.

அமைக்கும் முறையில் சிக்கல் ஏதும் இல்லை. கைபேசியில் வைஃபை விவரங்களைத் திறந்தால் கேட்வே முகவரி தெரியும். பொதுவாக அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29.1. அதை பிரவுசரில் தட்டச்சு செய்து, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போகலாம். அந்தக் கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருந்தால் வேறெதையும் தொடும் முன் அதை மாற்றிவிட வேண்டும். லேன் அல்லது நெட்வொர்க் பகுதிக்குள் டிஎச்சிபி சர்வர் இருக்கும். அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, தொகுப்பின் தொடக்கத்தை 192.168.1.100 என்றும் முடிவை 192.168.1.199 என்றும் வைத்தால் நூறு கருவிகளுக்கு இடம் உண்டு. 2 முதல் 99 வரையிலானவை, ஏற்கெனவே கையால் முகவரி எழுதப்பட்ட கருவிகளுக்கு விடப்பட்டிருக்கும். ரிசர்வேஷன் எண் தொகுப்புக்குள் இருக்க வேண்டும் என்று சில ரவுட்டர்கள் கேட்கும், சில கேட்பதில்லை. பெட்டி ஏற்பதைப் போட்டுவிடலாம். கேட்வே இடத்தில் ரவுட்டரின் சொந்த முகவரியே இருக்க வேண்டும். டிஎன்எஸ் இடத்தைக் காலியாக விட்டால் பொதுவாக ரவுட்டரோ இணைய நிறுவனமோ தருவது போகும்; அது மந்தமாக இருந்தால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று எழுதலாம். மாற்றியதைச் சேமித்த பிறகு கருவிகளின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் புதிய விவரம் அவற்றுக்குப் போய்ச் சேரும்.

கால அளவை எவ்வளவு வைப்பது என்பது வீட்டில் பெரிய கேள்வி இல்லை. ஒரு நாள் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் உறவினர்கள் அத்தனை பேரும் வைஃபையில் சேர்ந்தாலும் நூறு இடங்கள் நிறையாது. மாட்டுத்தாவணிப் பக்கமும் பெரியார் பேருந்து நிலையப் பக்கமும் உள்ள மேன்ஷன்கள், மாணவர் விடுதிகள் போன்றவற்றில்தான் கவனம் வேண்டும். காலையில் ஒருவர் அறையைக் காலி செய்து போனாலும், அவருடைய முகவரி லீஸ் முடியும்வரை அவர் பெயரிலேயே இருக்கும். இதில் இன்னொரு திருப்பமும் உண்டு: 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவை முதல், கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைந்த முகவரியைக் காட்டுகின்றன. வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்த்தால் சில கைபேசிகள் புது எண்ணோடு வரும். ரவுட்டரின் கண்ணுக்கு அது புதிய ஆள். தொகுப்பு நிரம்பிவிட்டால் அடுத்து வருபவரின் கைபேசி ஐபி முகவரி பெறுகிறது என்று காட்டியபடியே நின்றுவிடும். அங்கே கால அளவை இரண்டு மணி நேரமாகக் குறைப்பதே போதுமான மருந்து.

டிஎச்சிபியை முழுதாக அணைத்துவிட்டால் அயலார் நம் வைஃபையில் நுழைய முடியாது என்று ஓர் யோசனை உலவுகிறது. கடவுச்சொல் தெரிந்த ஒருவருக்கு 192.168.1.50 என்று கையால் எழுதிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அவதிப்படுவது வீட்டில் உள்ளவர்கள்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ரவுட்டரின் உட்பக்கம். வெளிப்பக்கத்தில் ரவுட்டரே இணைய நிறுவனத்திடம் முகவரி கேட்டு நிற்கும் கருவி. சில நிறுவனங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ முறையில் அதைத் தருகின்றன, சில டிஎச்சிபி வழியாகவே தருகின்றன. இரண்டாம் வகையில் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை நிறுவனம் பதிந்து வைத்திருந்தால், புது ரவுட்டர் மாட்டிய அன்று இணையம் வராது. அவர்களிடம் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும், அல்லது மேக் குளோன் என்ற வசதியால் பழைய எண்ணையே புதுப் பெட்டிக்குப் போட வேண்டும். வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், அது 2012இல் இணைய நிறுவனங்களின் உட்பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்ட பகிர்வு முகவரி. அப்படிப்பட்ட இணைப்பில் வீட்டு டிவிஆருக்கு எவ்வளவு ஒழுங்காக ரிசர்வேஷனும், வெளியிலிருந்து வருவதை அதனிடம் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டாலும், சென்னையில் இருக்கும் மகனால் அதை நேராக எட்ட முடியாது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி வழியாகவோ, தனியாகப் பணம் கட்டி வாங்கும் நிலையான பொது முகவரி வழியாகவோதான் பார்க்க முடியும்.

ஆறாம் பதிப்பு ஐபியும் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதன் முகவரி 128 பிட் கொண்டது; பஞ்சமே இல்லை. வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர் முகவரியின் முற்பாதியை மட்டும் அறிவிக்கிறது, பிற்பாதியைக் கருவியே அமைத்துக்கொள்கிறது. முன்பு சொன்ன நான்கு செய்திப் பரிமாற்றம் அங்கே தேவைப்படுவதில்லை. இதனால் ஒரு விசித்திரமான கோளாறும் புதிதாக முளைத்திருக்கிறது. டிஎச்சிபி கெட்டுப்போன வீட்டில் ஆறாம் பதிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அதை ஆதரிக்கும் கூகுளும் யூடியூபும் தடையில்லாமல் திறக்கும். நான்காம் பதிப்பை மட்டுமே நம்பியிருக்கும் தளங்கள் திறக்காது. குறிப்பிட்ட தளங்கள் மட்டும் நாள்கணக்கில் வராமல், அதே தளங்கள் கைபேசியின் மொபைல் டேட்டாவில் உடனே வருமானால், அந்தத் தளங்களைக் குறை சொல்லும் முன் வைஃபை விவரங்களில் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.